வழித்தோன்றலும் உடலும்: பால்நிலை உறுதிப்படுத்தும் ஓமோன் சிகிச்சை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் உடலின் மீது கொள்ளும் உரிமை எத்தகையது என்னும் வினா மிகப் பழமையானது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதில் சமயங்கள் பெரும்பாலும் ஒன்றுபடும். நோயுற்ற உறுப்பை அகற்றி உயிரைக் காக்கும் உரிமை உண்டு என்பதையும் அவை மறுப்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் நிலமோ பரந்தது. இன்னும் பிறவாத மக்களைப் பெறும் ஆற்றலை ஒருவர் தம் விருப்பினாற் குறைத்துக்கொள்ளலாமா? முற்றாக இழக்கலாமா? அவ்விழப்பைத் தெரிந்து ஏற்பதற்கும் தெரியாமலே அடைவதற்கும் உள்ள வேறுபாடு யாது? பால்நிலை உறுதிப்படுத்தும் ஓமோன் சிகிச்சை இவ்வினாக்களை இக்காலத்தில் மீண்டும் எழுப்பியுள்ளது. ஆணுடலோடு பிறந்து தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கையரும், பெண்ணுடலோடு பிறந்து தம்மை ஆணாக உணரும் திருநம்பியரும் தம் உடலைத் தம் உணர்வுக்கு இயைவித்துக்கொள்ள மேற்கொள்ளும் மருத்துவம் இது.

இவ்வினாவை ஐரோப்பிய நகரொன்றில் வைத்து ஆராய்வதற்கும் அம்பாறைக் கரையோரத்தில் வைத்து ஆராய்வதற்கும் வேறுபாடு உண்டு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தெற்கு நோக்கி நீளும் முஸ்லிம் ஊர்களிலே குடி என்னும் அமைப்பு தாய்வழி வருவது. அயலிலுள்ள தமிழர்க்கும் இவ்வமைப்புப் பொதுவானது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர்கள் குடிகளின் சார்பில் அமர்வது வழக்கு. மகளுக்கென வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்தலும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்தலும் இன்றும் அழியாத மரபு. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இவ்வமைப்பை விரிவாக எழுதியுள்ளார். இத்தகைய சமூகத்தில் ஒரு பெண்ணின் கருப்பை அவளது உறுப்பு மட்டுமாகக் கருதப்படுவதில்லை. குடியின் தொடர்ச்சியும் வீட்டின் உரிமையும் அதன் வழியாகச் செல்வனவாக எண்ணப்படுகின்றன. ஆகவே ஓமோன் சிகிச்சை இனப்பெருக்க ஆற்றலை யாது செய்யும் என்னும் மருத்துவ வினா இங்கே உறவினர் அனைவரும் அமர்ந்து விடை கேட்கும் வினாவாக மாறிவிடுகிறது.

அறவியல் பேசுமுன் உடலியல் தெளிவாக வேண்டும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, குருதியிலுள்ள பாலோமோன்களின் அளவுக்கேற்பத் தன் சுரப்பைக் கூட்டியும் குறைத்தும் இயங்குவது. பாலோமோன்கள் குறைந்தால் அது விதைகளையோ சூலகங்களையோ தூண்டும்; மிகுந்தால் தூண்டலைத் தளர்த்தும். வெளியிலிருந்து ஈஸ்திரஜனோ தெஸ்தெஸ்தரோனோ செலுத்தப்படும்போது வேண்டியது இருக்கிறதெனக் கொண்டு கபச்சுரப்பி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. வாய்க்காலில் வேறிடத்து வெள்ளம் வந்துவிட்டதைக் கண்ட வட்டைவிதானை குளத்துத் துருசை மூடிவிடுவதைப் போன்ற செயல் இது. வந்த வெள்ளம் வற்றிய பின்னர் துருசு மீண்டும் திறக்கப்படலாம். நெடுங்காலம் மூடிக் கிடந்ததாயின் திறக்க நாட்செல்லும். சிலவேளை திறவாமலே போகவுங்கூடும். ஓமோன் சிகிச்சையும் கருவளமும் பற்றிய உண்மையின் பெரும்பகுதி இவ்வளவே.

திருநங்கையர்க்கு ஈஸ்திரடையோல் என்னும் ஈஸ்திரஜனோடு, ஆணோமோனின் வினையைத் தடுக்கும் சைப்புரோட்டெரோன் அல்லது ஸ்பைரோனோலக்டோன் போன்ற மருந்து கொடுக்கப்படுவது வழக்கு. முதல் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் பாலியல் வேட்கை தணிகிறது. தாமாக நிகழும் ஆண்குறி விறைப்புகள் குறைகின்றன. மூன்று முதல் ஆறு மாதங்களில் மார்பகம் வளரத் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் தன் முழு வளர்ச்சியை எய்துகிறது. இவ்வளர்ச்சி மருந்தை நிறுத்தினாலும் மீளாதது. விதைகள் சிறுக்கின்றன, விந்தணுக்கள் குறைந்து சிலரிடம் முற்றாக அற்றுப்போகின்றன. வேறு சிலரிடம் அவை தொடர்ந்து தோன்றிக்கொண்டேயிருப்பதும் காணப்பட்டுள்ளது. மருந்தை நிறுத்தியபின் விந்தணு மீளுமா என்பதற்குப் பொதுவிதி கிடையாது. ஒருவர்க்கு மீளும், இன்னொருவர்க்கு மீளாது.

திருநம்பியர்க்குத் தெஸ்தெஸ்தரோன் கொடுக்கப்படுகிறது. ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மாதவிடாய் நிற்கும். ஓராண்டுக்குள் குரல் தடித்து அப்படியே நிலைக்கும். வேட்கை பெரும்பாலும் மிகும். அதேவேளை யோனிச் சுவர் மெலிந்து வறண்டு, புணர்ச்சியில் நோவும் குருதிக் கசிவும் தோன்றலாம். வேட்கையை மிகுவிக்கும் அதே மருந்து புணர்ச்சியை நோவுடையதாக்குவது இச்சிகிச்சையின் முரண்களுள் ஒன்று. இதற்கு உள்ளிடத்தில் மட்டும் பூசும் ஈஸ்திரஜன் களிம்பு பயன்படும். அது உடல் முழுவதற்குமான ஓமோன் நிலையைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. இவ்வெளிய மருந்தைக் கேட்டுப் பெறுவதற்கே நாவெழாது நோவைச் சுமப்போர் பலர்.

இவ்விடத்தில் பரவலாகக் காணப்படும் ஒரு மயக்கம் நீக்கப்படல் வேண்டும். மாதவிடாய் நின்றமையால் கருவுறும் ஆற்றலும் நின்றுவிட்டது எனக் கொள்வது தவறு. சூலகம் உறங்கினாலும் சிலவேளை விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் மகப்பேறு கண்ட திருநம்பியர் 41 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்றின்படி, அவர்களுள் 61 வீதத்தினர் கருவுறுமுன் தெஸ்தெஸ்தரோன் பயன்படுத்தியவர்கள். மாதவிடாய் மீளத் தொடங்குமுன்பே கருவுற்றோரும் அவர்களிடையே இருந்தனர். தெஸ்தெஸ்தரோன் கருவிலுள்ள பெண்சிசுவின் உறுப்பமைப்பைப் பாதிக்கக்கூடியது. ஆதலின் இம்மருந்து கருத்தடை மருந்தன்று என்பதை முதல்நாளிலேயே கூறவேண்டியது மருத்துவரின் கடமை. திருநங்கையர்க்கும் இது பொருந்தும். அவர்தம் துணைவியர் கருவுறல் இயலாததன்று.

பாக்குநீரிணைக்கு அப்பால், கேரளத்துக் கோழிக்கோட்டில் 2023 பெப்ரவரி 8ஆம் நாள் அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு குழவி பிறந்தது. அதனைக் கருவிற் சுமந்தவர் ஒரு திருநம்பி. அவர்தம் துணையோ ஒரு திருநங்கை. மகப்பேற்றை விரும்பிய இவ்விணையர் தம் ஓமோன் சிகிச்சையை இடைநிறுத்தியிருந்தனர். சுமந்தவர் மார்பக நீக்கம் செய்துகொண்டவராயினும் கருப்பையை அகற்றாதிருந்தமையால் இது கைகூடிற்று. பிறந்த பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சிற்று. பிறப்புச் சான்றிதழில் சுமந்தவரைத் தாயென்றும் மற்றவரைத் தந்தையென்றும் பதிவாளர் எழுதினார். இருவரையும் பெற்றோர் என்று மட்டும் குறிக்குமாறு 2025 யூனில் கேரள உயர்நீதிமன்றம் பணித்தது. எவரும் எதிர்பாராத இடத்திற் கருவளம் நிலைத்திருந்தது என்பதே இந்நிகழ்ச்சியில் மருத்துவ மாணவர் கற்கவேண்டிய பாடம். அறவியல் மாணவர்க்கோ அதனினும் முக்கியமானது வேறொன்று: கருப்பையை அகற்றாது விட்டமை ஒரு தெரிவாக அவர்முன் இருந்தது.

இனி அம்பாறைக் கரைக்கு மீளலாம். கல்முனைக்குடியிலோ நிந்தவூரிலோ ஓர் இல்லத்தைக் கற்பனையில் அமைத்துப் பார்க்கலாம். பெண்மக்கள் இருவர். வாப்பா மத்திய கிழக்கில் உழைத்து மூத்தவருக்கென ஒரு வீட்டை எழுப்பியுள்ளார். இருபத்திரண்டு வயதான அம்மூத்தவர் தம்மை மகளென ஒருநாளும் உணர்ந்தவரல்லர். மகனாக வாழ முனைகிறார். இவ்வில்லத்தில் மூன்று தரப்பினரின் கோரிக்கைகள் அவர்மேல் விழுகின்றன. பேரப்பிள்ளைகளைக் காண விரும்பும் பெற்றோரின் கோரிக்கை ஒன்று, மகள்வழித் தொடர்ச்சியை எதிர்நோக்கும் குடியின் கோரிக்கை மற்றொன்று, மூன்றாவதோ விசித்திரமானது. அவர்வழிப் பிறக்கக்கூடிய, ஆயின் இன்னும் பிறவாத பிள்ளைகளின் பெயரால் உறவினர் எழுப்பும் கோரிக்கை அது.

மூன்றாவதை முதலில் எடுத்து ஆராய்தல் தகும். ஏனெனில் அதற்கு மரபு நூல்களிலேயே விடையுண்டு. 1111ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா என்னும் பெருநூலின் திருமணப் பகுதியில் அஸ்ல் எனப்படும் புறவிந்திடல் முறையை ஆராய்கிறார். அதனைக் கருச்சிதைவுக்கோ சிசுக்கொலைக்கோ ஒப்பிடலாகாது என்பது அவர் துணிபு. அவை உளதாகிய ஒன்றின் மீது இழைக்கப்படும் குற்றங்கள், இதுவோ இன்னும் உளதாகாத ஒன்றைப் பற்றியது. மனைவியின் உயிர்க்கு நேரும் ஆபத்தை அஞ்சுதல் மட்டுமன்றி, அவளது எழிலைக் காத்தலைக்கூட அவர் ஏற்கத்தக்க காரணமாகக் கொண்டமை வியப்புக்குரியது. பிறவாதவர்க்குப் பிறக்கும் உரிமை இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் அதே மரபு விதையடித்தலை மனிதர்க்கு விலக்கியது. துறவு பூண விரும்பிய தோழரொருவர்க்கு நபிகளார் இசைவளிக்கவில்லை என்னும் ஹதீஸ் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். தற்காலிகமான தடையை ஏற்றலும் நிலையான அழிப்பை மறுத்தலும் என்னும் இவ்வேறுபாடு இருபதாம் நூற்றாண்டில் குடும்பத்திட்டம் பற்றிய விவாதத்திலும் தொடர்ந்தது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹுக் கழகம், இணையரின் இசைவோடு தற்காலிகக் கருத்தடையை ஏற்று, நிர்ப்பந்தமின்றி நிலையான மலடாக்கலை விலக்கியது. மாத்திரைக்கும் ஊசிக்கும் ஒரு தீர்ப்பு, குழாய் கட்டும் சத்திரசிகிச்சைக்கு வேறொரு தீர்ப்பு என்பது அம்பாறைக் கரையோரத்து இல்லங்களும் அறிந்த செய்தியே.

ஓமோன் சிகிச்சையை இவ்விரு பெட்டிகளுள் எதில் இடுவது? இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. அது அஸ்லைப் போல் அன்றன்றே முடிவதன்று; விதையடித்தலைப் போல் உறுதியாக முடிப்பதுமன்று. மீளலாம், மீளாதும் போகலாம். ஐயமே அதன் இயல்பு. எனவே மீளும் என்று கூறி அனுமதிப்பவரும் மீளாது என்று கூறித் தடுப்பவரும் உடலியலின் உண்மையொன்றை மறைக்கின்றனர் எனலாம்.

ஐயத்தை எவ்வாறு கையாள்வது என்பதற்கு இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலேயே ஒரு நேர்த்தியான முறை உண்டு. ஆணோ பெண்ணோ எனத் துணியவியலாத உடலமைப்போடு பிறந்தாரைப் பிக்ஹு நூல்கள் குன்ஸா என்னும். அத்தகையார் ஒரு சொத்துக்கு வாரிசாகுமிடத்து, ஆணெனக் கொண்டாலும் பெண்ணெனக் கொண்டாலும் மாறாது கிடைக்கும் பங்கு உடனே வழங்கப்படும். ஐயத்திற்குரிய எஞ்சிய பங்கு எவர்க்கும் வழங்கப்படாது, உண்மை தெளியும்வரை நிறுத்திவைக்கப்படும். ஐயத்தைக் காரணமாகக் காட்டி அனைத்தையும் மறுத்தலும் இல்லை, ஐயத்தைப் பொருட்படுத்தாது அனைத்தையும் தீர்த்துவிடலும் இல்லை. திருநம்பியரும் திருநங்கையரும் குன்ஸா அல்லர் என்பது உண்மையே. இங்கு கருதப்படுவது அச்சட்டத்தின் நியாய முறை மட்டுமே. இன்று தேவைப்படும் சிகிச்சையை வழங்கி, நாளை வேண்டப்படலாகும் கருவளத்தை இயன்றவரை நிறுத்திவைத்தல் அம்முறைக்கு இயைவதாகும்.

நிறுத்திவைத்தல் என்பது மருத்துவத்தில் விந்தணுவையோ சூல்முட்டையையோ குளிரிற் பேணுதல். திருநங்கையர்க்கு இது எளிது. திருநம்பியர்க்கோ எளிதன்று. ஏறத்தாழ இரு வாரங்கள் ஓமோன் ஊசிகள் ஏற்றி, யோனி வழியாகக் கருவியைச் செலுத்தி முட்டைகளை எடுக்கவேண்டும். தம்மை ஆணாக உணரும் ஒருவர்க்கு இது தரும் உளவேதனை சிறிதன்று. செலவோ நடுத்தரக் குடும்பத்தின் ஆற்றலைக் கடந்தது. கல்முனையிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. இவையெல்லாம் கைகூடினும் வேறொரு தடை எழும். 1980இல் எகிப்திய முப்தி ஜாதுல் ஹக் வழங்கிய தீர்ப்பு முதல் சுன்னத்து உலமாக்களின் பொதுவான நிலைப்பாடு, நிலவும் திருமணத்துக்குள் கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் கூடுதலை மட்டுமே ஏற்கும். பிறரது அணுவையும் பிறரது கருப்பையையும் ஏற்காது. அங்ஙனமாயின் ஒரு திருநங்கை பேணிவைத்த விந்து எத்திருமணத்துக்குள் பயன்படும்? நிறுத்திவைத்த பங்கைப் பெறுவதற்கு உரியவர் எவரென்ற வினாவுக்கு மரபில் இன்னும் விடை எழுதப்படவில்லை.

சிகிச்சையே ஆகுமானதா என்பதிலும் உலமாக்களிடையே ஒருமைப்பாடில்லை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. இறைவன் படைப்பை மாற்றுதல் கூடாது என்னும் அடிப்படையிற் பெரும்பான்மையோர் மறுப்பர். 1988இல் எகிப்தின் முப்தியாயிருந்த முஹம்மது செய்யித் தந்தாவி, மறைந்து கிடக்கும் பாலை வெளிப்படுத்தும் சத்திரசிகிச்சையை ஏற்று வழங்கிய தீர்ப்பை இருதரப்பாரும் தத்தமக்குச் சார்பாக விளக்கிக்கொண்டனர். ஷீஆ மரபில் ஆயதுல்லாஹ் குமைனியின் அனுமதி ஈரானில் நடைமுறையாயிற்று. இவ்விவாதத்தில் ஒரு செய்தி போதிய கவனம் பெறுவதில்லை. 1277இல் மறைந்த இமாம் நவவி, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், பெண்மை இயல்பாகவே படைக்கப்பட்ட ஆணையும் வேண்டுமென்றே நடிப்பவனையும் பிரித்து, முன்னவர்மேற் பழியுமில்லை பாவமுமில்லை என்றார். அவர் மருந்தைப் பற்றிப் பேசவில்லை; ஆயினும் இயல்பையும் செயலையும் பிரித்து நோக்கும் கண் அவர்க்கிருந்தது. தமிழிலும் அக்கண் இல்லாமற் போகவில்லை. ஆண்மை திரிந்தோரைத் தொல்காப்பியர் உயர்திணையிலேயே வைத்து, உயர்திணைக்குரிய ஈறுகளையே அவர்க்கு உரியனவாக்கினார்.

குடியின் கோரிக்கை எஞ்சுகிறது. வழித்தோன்றலைப் பெறுதல் தனிமனிதரின் கடனா? ஷாபிஈ மத்ஹபில் திருமணமே அனைவர்க்கும் கட்டாயமானதன்று. வேட்கையில்லாது வணக்கத்தில் ஈடுபடுவார்க்கு அதனைத் தவிர்த்தலே மேலென்பது அம்மத்ஹபின் கருத்து. மின்ஹாஜ் என்னும் சட்டநூலை ஆக்கி அம்மத்ஹபை நிலைநிறுத்திய அதே நவவி மணஞ்செய்யாது மக்கட்பேறின்றி நாற்பத்தைந்தாவது வயதளவில் உயிர்நீத்தார். அவரது வம்சம் அற்றதென்று எவரும் வருந்துவதில்லை. குடியும் அவ்வாறே. ஒரு மகள் மணமின்றி வாழ்ந்தாலோ மக்களின்றி மறைந்தாலோ குடி அவளை நீக்குவதில்லை. உடன்பிறந்தாள் வழியே அது தொடரும். குடி மகளிர் பலரின் வழி ஓடும் ஆறு. எந்த ஒரு மகளின் கருப்பை மீதும் எழுதிவைத்த ஈடன்று. கற்பனை இல்லத்தின் பெற்றோர் தாம் கட்டிய வீட்டை எவர்க்குக் கொடுப்பதென்று தீர்மானிக்கலாம். அது அவர்கள் உழைப்பு. அவர்களது துயரும் மெய்யானதே. பேரப்பிள்ளை என்னும் எதிர்பார்ப்பு முறிவதை அற்பமென ஒதுக்கும் அறவியல் மனிதரை அறியாதது. ஆனால் துயருறும் உரிமையிலிருந்து தடுக்கும் உரிமை பிறப்பதில்லை.

குடும்பம் பெற்றுத்தா என வற்புறுத்துவது போலவே, பெறாதே என அரசுகள் வற்புறுத்திய வரலாறும் உண்டு. சுவீடன் 1972இல் பால்நிலை மாற்றத்தைச் சட்டத்தில் ஏற்ற உலகின் முன்னோடி நாடு. ஆயின் அவ்வேற்புக்கு மலடாதலை நிபந்தனையாக்கிற்று. 2013இலேயே அந்நிபந்தனை நீங்கியது; 2018இல் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கச் சட்டமியற்றப்பட்டது. 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சுக்கெதிரான வழக்கில் அத்தகைய நிபந்தனை தனிவாழ்வு உரிமையை மீறுவதெனத் தீர்த்தது. யப்பானிய உச்ச நீதிமன்றம் 2023 ஒக்டோபர் 25இல் அதே முடிவை அடைந்தது. இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழியாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. உளமருத்துவர் கையொப்பமிடும் இச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம். ஓமோன் சிகிச்சைக்கும் வேண்டிய சத்திரசிகிச்சைக்கும் ஆற்றுப்படுத்தப்பட்டமை அதிற் குறிக்கப்படுகிறது. பதிவேட்டில் ஓர் எழுத்து மாறவேண்டுமென்பதற்காகவே, உள்ளத்தால் வேண்டாத மருந்தை ஒருவர் ஏற்கவேண்டிய நிலை இதனால் எழலாகாது. பெற்றோரும் அரசும் எதிரெதிர்த் திசையில் வற்புறுத்தினும் தவறுமிடம் ஒன்றே. கேட்கவேண்டியவரை இருவருமே கேட்பதில்லை.

பின்னர் வருந்தினால் என் செய்வது என்று வினவுவோர் உளர். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை அதன் வடு இன்றும் உண்டு. அதே அலை தமிழகக் கரையிற் பிள்ளைகளைப் பறித்துச்சென்றபோது, முன்னரே குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தாய்மார் பலர் மக்களற்றவராயினர். அவர்க்குக் கருக்குழாயை மீள இணைக்கும் சிகிச்சையை இலவசமாகச் செய்யத் தமிழக அரசு முன்வந்தது. அத்தாய்மார் முன்பு எடுத்த முடிவு தவறென்று அன்று எவரும் கூறவில்லை; குடும்பக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள் என்று கேட்கவுமில்லை. வருத்தம் நேரக்கூடும் என்பதால் முடிவெடுக்கும் உரிமை பறிபோவதில்லை. முடிவுக்குமுன் நிகழவேண்டிய உரையாடல் முழுமையாதல் வேண்டும் என்பதே அதன் பயன். சிறாரைப் பொறுத்தமட்டில் இவ்வாதம் வேறுபடும். பருவமெய்தலைத் தடுக்கும் மருந்தைத் தொடர்ந்து ஓமோனும் ஏற்றப்படின் கருவளம் முதிராமலே போகலாம். தான் இழப்பது யாதென்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அறிவதும் அரிது. இங்கிலாந்து 2024இல் இம்மருந்துகளைச் சிறார்க்கு வழங்குவதைக் கட்டுப்படுத்தியமையும் அதனையொட்டி எழுந்த கடும் வாதமும் இவ்வரிய இடத்தில் பிறந்தவையே. இருபத்திரண்டு வயதினரை அப்பிள்ளையோடு சேர்த்து எண்ணுவது பிழை.

உண்மையில் கேடு மிகுதியும் விளைவது முடிவினால் அன்று, மறைவினால். உளமருத்துவரிடம் செல்வதற்கு அஞ்சும் திருநங்கை, பாமசியில் எளிதாகக் கிடைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை நாளொன்றுக்குப் பலவாக விழுங்குதல் தெற்காசிய நகரங்களில் அறியப்பட்ட வழக்கம். அம்மாத்திரையிலுள்ள எத்தினைல் ஈஸ்திரடையோல், சிகிச்சைக்குரிய ஈஸ்திரடையோலைவிடக் குருதியுறைவு ஆபத்து மிக்கது. காலிற் கட்டிய குருதி நுரையீரலை அடைந்தால் உயிர் போகலாம். இவ்வாறு உண்பவரிடம் விந்தணுவைப் பேணுவது பற்றி எவரும் பேசியிருக்கமாட்டார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழலும் இம்மறைவுக்கு ஒரு காரணம். அவற்றை நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் இலங்கை உயர் நீதிமன்றம் கூறியது. எனினும் அத்தீர்மானம் அப்பிரிவுகளை நீக்கிவிடவில்லை.

மறைவு ஆண்டுகள் கழிந்தும் தொடரும். கருப்பைக் கழுத்து உள்ளவரை அதிற் புற்று வரக்கூடும். தாடி வளர்ந்தமையால் அது நீங்குவதில்லை. இலங்கையில் 1996 முதல் நடைபெறும் மகளிர் நலச் சோதனை நிலையங்கள் முப்பத்தைந்து வயதுப் பெண்களை அழைத்து இப்புற்றை இலவசமாகச் சோதிக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு பெண்ணை மனைவியாகவும் தாயாகவும் அறியும். மகளிர் வாங்கில் வரிசையாக அமர்ந்திருக்கும் அவ்விடத்துக்கு, பதிவில் ஆணாகிவிட்ட ஒருவர் எவ்வாறு செல்வார்? திருநங்கையர்க்கும் இதே நிலைதான். பிறப்புறுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் முன்னிற்கும் சுரப்பி உடலில் எஞ்சியிருப்பதைப் பலர் அறியார். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பகுப்பில் பால்நிலை இயைபின்மையை உளநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பிரிவில் வைத்தது. பெயர் மாறிற்று, கல்முனையின் வைத்தியசாலை வாங்குகள் இன்னும் மாறவில்லை.

அறவியல் இங்கு வேண்டுவது பெரிய சீர்திருத்தமன்று. ஓர் அறையும் ஒரு கேள்வியுமே. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உளமருத்துவ கிளினிக்குக்கு அந்த மூத்தவர் வருகிறார் என்று கொள்க. உடன் உம்மாவும் வந்திருப்பார். அது இவ்வூர் வழக்கம். உம்மா வெளியே வாங்கில் அமர்ந்திருக்க, முதலாம் ஊசிக்கு ஆற்றுப்படுத்துமுன் மருத்துவர் அவரைத் தனியே கேட்கவேண்டும்: பின்னாளில் உங்கள் உடல்வழிப் பிள்ளை வேண்டுமென்று எண்ணுவீர்களா, எண்ணமாட்டீர்களா, அல்லது இன்னும் தெரியாதா? மூன்றாவது விடையும் விடையே. அது கிளினிக் கொப்பியில் அவ்வாறே எழுதப்பட்டு, அடுத்த திகதியில் மீண்டும் கேட்கப்படலாம். உம்மாவை உள்ளே அழைப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும்.